ஆறு மணிக்கு மெயினை எறக்குனவிய

உங்க வீட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு என்னெல்லாம் ஓடிட்டு இருக்கும்? பொய் சொல்லாம சொல்லுங்க. டிவி, மிக்சி, மோட்டாரு, யாருமே இல்லாத ரூம்ல ஒரு ஃபேன். ஊரே சுவிச்சைப் போடுத நேரம் அது. எங்க பழைய காம்பவுண்டுல ஒரு பொம்பள மட்டும் அஞ்சு அம்பத்தெட்டுக்கு மெயின் சுவிச்சை எறக்குவாவ.

கையால இல்ல. கை பூரா மாவா இருக்கும். முழங்கையால ஒரு இடி. டப்னு கீழ விழும். வெளிச்சுவத்துல இருக்க மீட்டரை எட்டிப் பாத்து, சொந்தக்காரவியள பஸ் ஏத்தி விடுத மாதிரி, "போயிட்டு பத்து மணிக்கு வாங்க"ன்னு சொல்லுவாவ. அடுத்த செகண்டு ரெண்டு கிரைண்டரும் ஓட ஆரம்பிக்கும்.

மெயின் கீழ. கிரைண்டர் ஓடுது. மொத தடவை பாக்குதவன் முழிக்க முழி இருக்கே, அதைப் பாக்கவே நான் அங்கன போய் நிப்பேன்.

மேஜிக் எல்லாம் ஒண்ணுமில்ல மக்களே. பின்னாடி ரூம்ல எட்டு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். மத்தியானம் கரண்ட் வில கம்மியா இருக்க நேரத்துல பேட்டரில ஏத்தி வச்சுக்கிடுறது. சாயங்காலம் வில கூடுத நேரத்துல மெயினை எறக்கிட்டு, ஏத்தி வச்சதுல அரைக்கது. அம்புட்டுதான். கூலிக்கு மாவு அரைக்கதுதான் அவியளுக்குத் தொழில். ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் நீங்க கொண்டு போகணும், அவிய அரைச்சுத் தருவாவ.

பேரு சொல்ல மாட்டேன். "என்னைப் பத்தி எங்கயாச்சும் எழுதுன, பேரைப் போடாத. போட்டன்னா உன் சர்டிபிகேட்டை கிரைண்டர்ல போட்டுருவேன்"னு ஒரு நாள் சொன்னாவ. செய்யக்கூடிய ஆளுதான். ரிஸ்க் எடுக்க முடியாது.

சரி, இப்ப எதுக்கு எழுதுதேன்? நேத்து எங்க பழைய தெரு குரூப்ல எங்க பழைய வீட்டுக்கார அண்ணாச்சி ஒரு வாய்ஸ் போட்டிருக்காரு. "அந்தப் பேட்டரிக்காரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை கேட்டு அலையுதாளாம். குடுத்துராதிய. காம்பவுண்டையே கொளுத்தப் பாத்தவ அவ." கீழ வரிசையா கட்டைவிரல். ரெண்டு பேரு கும்புடுத கை வேற போட்டிருக்கான், என்னமோ நல்ல செய்தி மாதிரி.

அந்தக் கடைக்காரரு நாளைக்கு பதில் சொல்லுதேன்னு சொல்லியிருக்காராம். அவரும் அந்த குரூப்லதான் இருக்காரு. அதனால இது அவருக்கும் சேத்து. கடைக்கார அண்ணாச்சி, கட்டைவிரலைக் கீழ வச்சுட்டு கடைசி வரைக்கும் படிங்க.

அந்த அக்காட்ட ஒரே ஒரு குணம். யாரும் அவியளுக்கு நேரம் சொல்லக் கூடாது. சொன்னா செத்தான்.

மாவு அரைக்க வாரதுக்கு முன்னாடி வருசக்கணக்கா தீப்பெட்டி ஆபீஸ் போனவிய. ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல், மருந்து வாங்கிக் குடுத்துட்டு ஓடுதாவ, கேட்டை சாத்தியாச்சு. உள்ள நின்ன சூப்பர்வைசர், "வீட்ல மணி பாக்க ஒரு கடிகாரம் வாங்க வக்கில்லையா?"ன்னு கேட்டானாம். இவிய திரும்பி வீட்டுக்குப் போனாவ. சுவத்துல கெடந்த கடிகாரத்தைக் கழட்டிட்டு வந்து, கேட் கம்பில கயித்தைப் போட்டுத் தொங்க விட்டுட்டாவ. "நீ வச்சுக்க. எனக்கு இனிமே சோலி இல்ல"ன்னுட்டு நடையைக் கட்டிட்டாவ. அன்னையோட தீப்பெட்டி ஆபீஸும் முடிஞ்சுது, வீட்ல கடிகாரமும் முடிஞ்சுது.

பொறவு அஞ்சு அம்பத்தெட்டு எப்படித் தெரியுது? நானும் கேட்டேன். "வயித்துக்குத் தெரியுதுட்டி"ன்னாவ. சும்மா சீன்னு நெனச்சு ஒரு மாசம் போனை வச்சுட்டு செக் பண்ணினேன். ஒரு நாள் அஞ்சு அம்பத்தேழு. மத்த நாள் பூரா அஞ்சு அம்பத்தெட்டு. அந்த ஒரு நாளும் என் போன்தான் தப்பா இருக்கும்னு இப்பத் தோணுது.

புது மீட்டர் மாட்ட வந்த தம்பி பாவம், நல்ல பையன். பொறுமையா வெளக்குனான். "அக்கா, இனிமே நேரத்துக்கு ஒரு வில. சாயங்காலம் ஆறுல இருந்து பத்து கூட. உச்சி வெயில்ல கம்மி. நீங்க பேசாம மத்தியானம் அரைச்சிருங்க."

"தம்பிக்கு கல்யாணம் ஆயிட்டா?"

"இன்னும் இல்லக்கா."

"அதான்."

அவனுக்குப் புரியல. வெளியூர்க்காரவியளுக்கும் புரியாது, சொல்லுதேன். எங்க தெருவுல பாதிப் பேரு தீப்பெட்டி ஆபீஸ்தான். காலைல அரிசியை ஊறப்போட்டுட்டுப் போனா திரும்பி வாரது ஆறு மணி. வந்து, முகத்தைக் கழுவி, அரிசிச் சட்டியும் உளுந்துச் சட்டியுமா கெளம்பி வருவாளுவ. மத்தியானமே அரைச்சு வையின்னா, எங்க ஊரு வெயிலுக்கு ஆறு மணிக்குள்ள பொங்கிப் புளிச்சு வழிஞ்சிரும். அதை விட பெரிய விசயம், உளுந்தைக் கண்ணுல படாத எடத்துல யாரும் அரைக்க விட மாட்டாவ. கூடப்பொறந்த தங்கச்சியா இருந்தாலும், கிரைண்டர் பக்கத்துல நின்னு, தன் சட்டி உளுந்து தன் சட்டிக்கே திரும்பி வாரதைப் பாத்தாத்தான் நிம்மதி. சிரிக்காதிய. எங்கம்மாவும் அப்படித்தான்.

"அவளுவளுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கதே அந்த ஆறு மணிதாம்ல. அதுக்குப் போய் வெலையைக் கூட்டுதான்"ன்னு அக்கா அந்தத் தம்பி போன பொறவும் மீட்டரைப் பாத்து ஏசிட்டுக் கெடந்தாவ. கூலியைக் கூட்டுங்கன்னு எங்கம்மா சொன்னாவ. "கூட்ட மாட்டேன்." சரி, கடையை மூடுங்கன்னு சொன்னாவ. "மூட மாட்டேன்." வேற என்னதான் செய்வீயன்னதுக்கு என்னையப் பாத்தாவ.

நான் அப்பத்தான் ட்ரிபிள்-இ முடிச்சு, வேலை கிடைக்காம, வீட்ல தண்டச்சோறு தின்னுட்டு இருந்தேன். எங்களுக்கும் அவியளுக்கும் ஒரே காம்பவுண்டு, ஒரே வீட்டுக்கார அண்ணாச்சி, நடுவுல ஒரு சுவரு.

"ஏட்டி, கரண்டைப் பிடிச்சு வைக்க முடியுமா முடியாதா?"

முடியும்னேன். பேப்பர் எடுத்து கணக்குப் போட்டேன். கெத்தா போட்டேன். ஏத்துற கரண்டுல நாலுல ஒரு பங்கு சூடாவே போயிரும், புது பேட்டரி வில இப்படி, அதோட ஆயுசு இப்படி, மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் இம்புட்டுதான். "தேறாதுக்கா. நஷ்டம்"னேன்.

பேப்பரை வாங்கி, அதுலயே உளுந்தைக் கொட்டி கல்லு பொறுக்குனாவ. "புது பேட்டரின்னு யாரு சொன்னா?"

மறுநாள் எட்டயபுரம் ரோட்டுல பழைய இரும்புக் கடையில போய் நின்னோம். ஏதோ மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டர்ல கழட்டுன பேட்டரி, குவியலா கெடந்துச்சு. நான் மல்டிமீட்டரை வச்சு ஒவ்வொண்ணா பாத்து, உசுரு இருக்கதா எட்டு பொறுக்குனேன். கடைக்காரரு, "நீங்க என்னம்மா, ஆட்டுச் சந்தையில பல்லைப் பாக்க மாதிரி பாக்கிய"ன்னாரு. அக்கா, "ஆடாவது கத்தும், இது கத்தாதே"ன்னாவ.

அந்த எட்டுக்கும் அவிய குடுத்த மரியாதை இருக்கே. பேட்டரிக்கு ஊத்த சுத்தமான தண்ணி வேணும்னேன். கடையில காசு குடுத்து வாங்கணும். அக்கா நேரா மெயின் ரோட்டு நகைக்கடைக்குப் போனாவ. நகை வாங்க இல்ல. ஏசில இருந்து சொட்டுத தண்ணியப் பிடிக்க. பக்கவாட்டுச் சந்துல பைப்புக்குக் கீழ தூக்குவாளியை வச்சுட்டு நிக்காவ. செக்யூரிட்டி வந்து, "இங்க என்னம்மா பண்ணுதிய?"ன்னு கேட்டா, "வீட்ல எட்டு புள்ள தாகத்துல கெடக்குய்யா." அந்த ஆளு அடுத்த வாரத்துல இருந்து வாளில தண்ணியப் பிடிச்சு அவரே ரெடியா வச்சிருந்தாரு.

ஒரு நாள் நான் வாயை வச்சுட்டு சும்மா இருக்காம கேட்டேன். "நேரம் சொன்னா பிடிக்காதுன்னு பெருசா பேசுவீயளே. இப்ப மட்டும் என்ன? மத்தியானம் ஆனா சார்ஜ் போடணும்னு மார்க்கெட்ல இருந்து ஓடி வாரீய. ஆறு ஆனா மெயினை எறக்குதிய. கடைசில அவன் போட்ட நேரத்துக்குத்தான ஆடுதிய?"

மாவுக்கையை என் மூஞ்சியைப் பாத்து ஒரு உதறு உதறுனாவ. "ஏட்டி கூறுகெட்டவளே. தோட்டக்காரன் தூங்குத நேரம் பாத்து மாங்கா பறிக்கவ, அவன் சொன்ன நேரத்துக்கா மரம் ஏறுதா?"

நான் மூஞ்சியைக் கழுவப் போனேன். கண்ணுக்குள்ள மாவு.

இன்னொண்ணு. ஆறுல இருந்து பத்து வரைக்கும் போனை எடுக்கவே மாட்டாவ. அது பேட்டரி நேரம், அது சட்டி வச்சு நிக்கவளுவ நேரம். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஏழு மணிக்கு போன் வந்துச்சு. தரகரு காம்பவுண்டுக்கே ஓடி வந்தாரு. "எடுங்கம்மா, நல்ல எடம், புதூர்ல ஆடு நெலம்லாம் இருக்கு." கிரைண்டர்ல கையை விட்டுக்கிட்டே சொன்னாவ: "பத்து மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க. அது வரைக்கும் பொறுக்காதவன் என் புள்ளைட்ட என்னத்தப் பொறுக்கப் போறான்." பத்து மணிக்கு கூப்பிட்டாவ. அந்த மாப்பிள்ளைதான் முடிஞ்சுது.

வீட்டுக்கார அண்ணாச்சிக்கு மட்டும் மொத நாள்ல இருந்தே ஆகல. ஒரு காலத்துல அவரும் தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருந்தவரு. எங்க காம்பவுண்டே அந்தப் பழைய குடோனை அறுத்துப் போட்ட வீடுகதான். "எம்மா, இது பேட்டரியா குண்டா? என் பேருல இருக்க சர்வீஸ், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையல்லா பிடிப்பான்"னு வாரத்துக்கு ஒரு தடவை வந்து மோந்து பாத்துட்டுப் போவாரு. அக்கா அவரு மூக்கு உள்ள வார நேரமா பாத்து மொளகாப்பொடி அரைக்க மெஷினைப் போட்டு விடுவாவ.

இப்ப அந்த நாளைச் சொல்லணும். இதுவரைக்கும் ஜாலியா டைப் பண்ணிட்டேன். இனி கொஞ்சம் கஷ்டம்.

மூணு நாளு அடைமழை. நாலாவது நாள் வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது. குச்சி காயலைன்னு தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு, அதனால மத்தியானம் காம்பவுண்டு நெறைய ஆளு. அக்கா உளுந்து வாங்க மார்க்கெட் போயிருந்தாவ. சார்ஜ் போடுத பொறுப்பு என்னுது.

எட்டுல ரெண்டு பேட்டரி சார்ஜ் நிக்காம தொங்கிட்டு இருந்துச்சு. அதை உசுப்பி விடலாம்னு நான் சார்ஜரை கூட்டி வச்சேன். அப்படி வச்சா மூடி எல்லாத்தையும் தொறந்து வைக்கணும், பக்கத்துலயே இருந்து அரை மணிக்கு ஒரு தடவை பாக்கணும். எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

அப்ப போன் வந்துச்சு. ஓசூர் கம்பெனி. இண்டர்வியூ. நாளைக்குன்னு சொல்லியிருந்தவங்க இன்னைக்கே கூப்பிட்டுட்டாங்க. வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது. மொட்டை மாடிக்கு ஓடினேன். பத்து நிமிசம்னு நெனச்சேன். ரெண்டு பேரு மாறி மாறி கேள்வி கேட்டாங்க. நான் பேட்டரியைப் பத்தியே பெருசா அளந்து விட்டுட்டு இருந்தேன். கீழ என் பேட்டரி கொதிச்சுக்கிட்டு இருக்குங்கது எனக்கு சுத்தமா மறந்து போச்சு. எம்புட்டு நேரம்னு தெரியாது. ரெண்டு மணி நேரம் இருக்கும்.

அந்த மாதிரி பேட்டரி ஓவரா கொதிச்சா ஒரு வாடை வரும். கந்தக வாடை.

வேற ஊரா இருந்தா, "என்னடே சாக்கடை நாறுது"ன்னு கதவை சாத்தியிருப்பானுவ. இது எங்க ஊரு. பத்து வயசுல இருந்து கந்தகத்துக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாத்த பொம்பளைய. அந்த வாடை மூக்குல ஏறுனா மூளைக்குப் போகாது, நேரா கைக்குப் போகும். கை என்ன செய்யும்? தண்ணியத் தூக்கும். தீப்பெட்டி ஆபீஸ்ல மொத நாளே சொல்லிக் குடுக்கது அதுதான். வாடை வந்தா யோசிக்காத, ஊத்து.

எதுத்த வீட்டு செல்வியக்காதான் மொத குடம். "ஏட்டி, கந்தகம்! கந்தகம்!"னு ஒரு சத்தம், கதவைத் தள்ளி, ஒரே வீச்சு. பின்னாலயே நனைச்ச சாக்கோட நாலு பேரு. அதுக்குப் பின்னால காம்பவுண்டு மொத்தமும். எங்க ஊர்ல நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்னு உங்களுக்குத் தெரியும். எட்டு வீட்டுக் குடமும் அங்கன காலி. குடிக்க வச்சிருந்த தண்ணி.

நெருப்பு எங்க? நெருப்பே இல்ல. புகை கூட இல்ல. மூடி தொறந்து கெடந்த பேட்டரி, ஓடிட்டு இருந்த இன்வெர்ட்டர், அது மேல இருபது குடம் தண்ணி. படீர்னு ஒரு சத்தம், இன்வெர்ட்டர் செத்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் மாடில இருந்து எறங்கி ஓடி வந்தேன். காதுல இன்னும் ஹெட்செட்.

உண்மையச் சொல்லணும்னா, அவிய பயந்தது தப்பில்ல. அந்த ரூம்ல அடைஞ்சு கெடந்த கேஸ்ல, கதவைத் தள்ளுததுக்கு முன்னாடி ஒரு பொறி விழுந்திருந்தா நெசமாவே வெடிச்சிருக்கும். ஜன்னலைத் தொறந்துட்டு மெயினை எறக்கியிருக்கணும், அம்புட்டுதான். ஆனா அதை அவியளுக்குச் சொல்லிக் குடுத்திருக்க வேண்டியது யாரு? ட்ரிபிள்-இ படிச்ச மகாராணி. நான்.

அக்கா உளுந்துப் பையோட வாசல்ல நிக்காவ. முழங்கால் வரைக்கும் வேட்டியைத் தூக்கிட்டு அண்ணாச்சி வந்தாரு.

"யாரு செஞ்ச வேலை இது? யாரு போட்டுட்டுப் போனா?"

நான் வாயைத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேன். அக்கா என் கால் மேல அவிய காலை வச்சு ஒரு மிதி மிதிச்சாவ. பெருவெரலு நசுங்கிப் போச்சு.

"நான்தான் அண்ணாச்சி. போட்டுட்டு மார்க்கெட் போயிட்டேன்."

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரு."

"சரி."

அம்புட்டுதான் பேச்சு. அவரு போன பொறவு நான் அழுதுக்கிட்டே, "எதுக்குக்கா?"ன்னேன். பேட்டரி மேல கெடந்த ஈரச் சாக்கை எடுத்துப் பிழிஞ்சாவ. "உன்னையச் சொன்னா உங்கப்பனையும் சேத்துல்லா காலி பண்ணச் சொல்லுவாரு. அந்த மனுசன் ஆறு மணிக்கு வேலை விட்டு வந்து எங்கன உக்காருவாரு? மூக்கைத் துடைச்சுட்டு அந்த மல்டிமீட்டரை எடு. எதுக்கு உசுரு இருக்குன்னு பாரு."

அஞ்சுக்கு உசுரு இருந்துச்சு. மூணு செத்துப் போச்சு. இன்வெர்ட்டர் கருகிப் போச்சு.

அன்னைக்கும் ஆறு மணி வந்துச்சு. வராம இருக்குமா? சட்டியோட அவளுவளும் வந்தாளுவ. மத்தியானம் தண்ணி ஊத்துன அதே கைகதான். யாரும் உள்ள வரல. வாசல்ல தலையத் தொங்கப் போட்டுட்டு வரிசையா நிக்காளுவ. காம்பவுண்டு கேட்ல அண்ணாச்சி சாஞ்சுக்கிட்டு நின்னாரு. அவருக்கு அது சினிமா.

"என்னம்மா, மெயினைத் தூக்கு. எல்லாரும் போல நீயும் கரண்ட்ல ஓட்டிப் பாரு. அப்பத் தெரியும்."

அக்கா மெயின் பக்கத்துல போய் நின்னாவ. அவிய கையை நான் பாத்துட்டே இருந்தேன். பேட்டரி மாட்டுன நாள்ல இருந்து அந்நேரத்துக்கு அந்த மெயின் மேல இருந்ததே கெடையாது. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். தூக்க மாட்டாவன்னுதான் நான் நெனச்சேன். "இன்னைக்கு கெடையாது, போங்க"ன்னு சொல்லிருவாவன்னு நெனச்சேன்.

தூக்கிட்டாவ.

கிரைண்டரைப் போட்டுட்டு வரிசையப் பாத்து சத்தமா சொன்னாவ. "கூலி பழைய கூலிதான். எவளாச்சும் பாவம் பாத்து கூட வச்சா சட்டியைத் தூக்கி வீசிருவேன்." பொறவு கேட்டைப் பாத்து, "அண்ணாச்சி, மீட்டர் ஓடுறதப் பாக்கணும்னா பக்கத்துல வாங்க. நாற்காலி போடச் சொல்லுதேன். பத்து மணி வரைக்கும் ஓடும்."

அண்ணாச்சி போயிட்டாரு. பத்து மணி வரைக்கும் ஓடுச்சு.

அதுக்குப் பொறவு வீடு தேடுனதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு மேலு எரியுது. போன தெருவெல்லாம் செய்தி முந்திப் போய் உக்காந்திருக்கு. "ஓ, அந்த வெடிச்ச வீட்டுக்காரவியளா?" வெடிக்கவே இல்ல! எந்த ஓனரும் வாசல்ல கூட நிக்க விடல. ஒரே ஒரு அம்மா மட்டும் சாவியைக் கையில குடுத்து, "கிரைண்டர் வச்சுக்கோ, பேட்டரி ஆகாது"ன்னாவ. அக்கா சாவியத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாவ. எனக்கு கோவம். "ஒத்துக்கிட்டு போங்களேன்க்கா, பொறவு பாத்துக்கலாம்!" "மெயினை ஒரு தடவை தூக்கிட்டேன்லா. அதுவே எனக்கு இன்னும் செமிக்கல."

மாசம் முடிய நாலு நாளைக்கு முன்னாடி செல்வியக்கா வந்தாவ. அதுக்குள்ள அவியளே பக்கத்துத் தெருவுல அவிய மாமியாரு வீட்டுக்கு மாறியிருந்தாவ. கையில ஒரு பொட்டலம் கடம்பூர் போளி. உக்காரல. தூணைச் சுரண்டிக்கிட்டே பேசுனாவ.

"மதினி, என் வீட்டு முன்னறை சும்மாதான் கெடக்கு. பேட்டரி எல்லாத்தையும் கொண்டாந்து வையிங்க. எங்க மாமியாட்ட பேசிட்டேன்."

"வெடிச்சிரும்னு பயம் இல்லையா?"

"வெடிச்சா நான்தான் மொத ஆளா தண்ணியத் தூக்கிட்டு வருவேன் மதினி."

"எனக்கு அந்த பயம்தான்ட்டி."

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல போளி கீழ விழுந்துருச்சு. ஊதிட்டுத் தின்னோம்.

அங்கன அக்கா பேருலயே புது சர்வீஸ் வாங்குனாவ. ஒரு கரண்ட் பில்லுல அவிய பேரு வந்தது அதுதான் மொத தடவை. அதை ரெண்டு தடவை மடிச்சு உளுந்து டப்பாவுக்குள்ள வச்சாவ. நான் சின்ன இன்வெர்ட்டரா ஒண்ணு பழசுல தேடிப் பிடிச்சு, அஞ்சுல நாலைக் கோத்து மாட்டுனேன். ஒரு கிரைண்டர்தான் இழுத்துச்சு. இன்னொண்ணைத் துணி போட்டு மூடி வச்சாச்சு. ஒண்ணுல அரைச்சா வரிசை நீளும்லா? நின்னாளுவ. ஒருத்தியும் வேற கடைக்குப் போகல. செல்வியக்காவுக்கு எப்ப ஜன்னலைத் தொறக்கணும், எப்ப எதைத் தொடக் கூடாதுன்னு உக்காந்து சொல்லிக் குடுத்தேன். மொதல்லயே செஞ்சிருக்க வேண்டிய வேலை.

ஓசூர்க்காரன் என்னைய எடுத்துக்கிட்டான். அந்தப் போன்ல அளந்து விட்டதுக்குத்தான் எடுத்திருக்கான். அக்காட்ட சொன்னப்போ, "போ. அங்க போயாவது அடுப்புல வச்சதைப் பாத்துக்கிட்டே போன் பேசு"ன்னாவ. திட்டு அவ்வளவுதான். மூணு வருசமாச்சு அவியள நேர்ல பாத்து. பத்து மணிக்கு மேல எப்பவாச்சும் போன்ல பேசுனா, "சாப்ட்டியா, சரி, வை." கால் நிமிசம் கூட வராது.

இந்த மூணு வருசமும் எங்கப்பாவும் அம்மாவும் அந்த காம்பவுண்டுலதான் இருந்தாவ. அதனால நான் வாயைத் தொறக்கல. பயம்தான், வேற என்ன. போன மாசம் அப்பா காலி பண்ணியாச்சு. நாகலாபுரத்துல அவிய பூர்வீக வீட்டை எடுத்துக் கட்டிட்டுப் போயிட்டாவ. இனி வீட்டுக்கார அண்ணாச்சி, எங்களை எங்கன இருந்து காலி பண்ணச் சொல்லுவீய?

அதனால கேட்டுக்கிடுங்க. கடைக்கார அண்ணாச்சி, நீங்களும். அன்னைக்கு சார்ஜரைக் கூட்டி வச்சது நான். விட்டுட்டு மாடிக்குப் போனது நான். அந்தப் பொம்பள வீட்லயே இல்ல, மார்க்கெட்ல உளுந்து பொறுக்கிட்டு இருந்தாவ. கொளுத்தப் பாத்தவன்னு சொல்லணும்னா என் பேரைச் சொல்லுங்க. என் பேரு குரூப்லயே இருக்கு, நம்பரும் இருக்கு. அவிய கைல இருந்து ஒரு பொறி கூட விழல. கடையைக் குடுங்க. ரெண்டாவது கிரைண்டர் இன்னும் துணிக்குள்ளதான் கெடக்கு, அதுக்கு எடம் வேணும். நாலு பேட்டரி நான் வாங்கி அனுப்புதேன், ஜன்னல் எங்க வைக்கணும்னும் நானே வந்து காட்டுதேன். முடியாதுன்னா அதையும் இந்த குரூப்ல, எல்லாரும் கேக்க மாதிரி, வாய்ஸ்ல சொல்லுங்க.

கட்டைவிரல் போட்டவங்க அதை எடுத்துருங்க. யாரு எடுத்தா, யாரு எடுக்கலன்னு பாத்துட்டுத்தான் இருக்கேன்.

இதைப் போடுததுக்கு முன்னாடி அவியட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு போன் போட்டேன். மணி ஆறு நாலு. எடுக்கல.